இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள்: ஓர் ஒப்பீடு

நம் நாட்டில் மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தால், நோய் எதுவாயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று இடம் பெற்றிருப்பதைக் காணலாம். மருந்துக் கடைகளில் மக்கள் இதனைக் 'கேஸ் மாத்திரை' என்று பொதுப்பெயர் சொல்லிக் கேட்கின்றனர். ஆனால் அப்பெயருக்குள் அடங்குபவை ஒரே மருந்தல்ல. வேலை செய்யும் முறையிலும், வேகத்திலும், வலிமையிலும், விளைவிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று வகை மருந்துகள் அதற்குள் அடங்கியுள்ளன. இவ்வேறுபாட்டை அறிவது மருத்துவ மாணவருக்குப் பாடம். பொது மருத்துவமனைகளுக்கு மருந்து கொள்முதல் செய்யும் அலுவலருக்கோ அது பொதுப்பணத்தைப் பொறுப்புடன் செலவிடுவதற்கான அடிப்படை.

அமிலம் எதற்காக?

இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாத பொருளன்று. புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதி அமிலச் சூழலில்தான் இயங்கும். உணவோடும் நீரோடும் உட்புகும் கிருமிகளில் பெரும்பகுதி இவ்வமிலத்தில் மடிகிறது. இரும்புச் சத்து, பி-12 உயிர்ச்சத்து ஆகியவற்றை உடல் ஏற்பதற்கும் அது துணை செய்கிறது. ஆகவே, அமிலத்தை முற்றிலும் ஒழிப்பது சிகிச்சையின் நோக்கமாக இருக்க முடியாது. அது இருக்கக் கூடாத இடத்தில், அதாவது உணவுக்குழலிலோ புண்பட்ட சவ்வின் மீதோ, தீங்கு செய்யாதவாறு தேவையான காலத்துக்கு மட்டும் அதனைக் குறைப்பதே நோக்கமாகும்.

இரைப்பைச் சுவரிலுள்ள சிறப்புச் செல்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. நரம்பின் வழியே வரும் அசிட்டைல்கோலின், இரத்தத்தின் வழியே வரும் காஸ்ட்ரின், அண்டைச் செல்களிலிருந்து வரும் ஹிஸ்டமின் ஆகிய மூன்றும் இச்செல்களைத் தூண்டுகின்றன. தூண்டுதல் எவ்வழியில் வந்தாலும், அமிலம் வெளியேறுவதற்கு உள்ள வாயில் ஒன்றுதான். செல்லின் விளிம்பிலுள்ள 'புரோட்டான் பம்பு' என்னும் நொதி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. இப்படத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மூன்று வகை மருந்துகளின் வேறுபாடும் எளிதில் விளங்கும். முதல் வகை, சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கிறது. இரண்டாம் வகை, தூண்டுதல்களுள் ஒன்றைத் தடுக்கிறது. மூன்றாம் வகை, வாயிலையே அடைக்கிறது.

முதல் வகை: அமில முறி மருந்துகள்

சோடியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட், மக்னீசியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம் ஹைட்ராக்சைடு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை காரப் பொருள்கள். அமிலத்தோடு நேரடியாகச் சேர்ந்து அதனை நடுநிலைப்படுத்துகின்றன. சில நிமிடங்களிலேயே எரிச்சல் தணிகிறது. வெறும் வயிற்றில் உட்கொண்டால் அரைமணி நேரத்தில் பயன் தீர்ந்துவிடும். உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்து உட்கொண்டால் இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும்.

அலுமினிய உப்பு மலச்சிக்கலையும் மக்னீசிய உப்பு வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியவை. ஆதலால் இரண்டையும் கலந்து ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யுமாறு தயாரிக்கின்றனர். சோடியம் பைகார்பனேட்டில் உள்ள சோடியம், இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலில் அலுமினியமும் மக்னீசியமும் தேங்கும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், இரும்பு மாத்திரை போன்றவற்றுடன் சேர்த்து உண்டால் அவை உடலில் ஏறாமல் போகும். எனவே இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எப்போதாவது தோன்றும் நெஞ்செரிச்சலுக்கு இவ்வகை போதுமானது, விலையும் குறைவு. ஆனால் புண்ணை ஆற்றும் பணிக்கு நாளொன்றுக்குப் பல வேளை பெருமளவில் உட்கொள்ள வேண்டியிருப்பதால், அப்பணிக்கு இவை இப்போது பயன்படுத்தப்படுவதில்லை.

இரண்டாம் வகை: எச்-2 தடுப்பான்கள்

1970-க்கு முன், ஆறாத குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வழியாக இருந்தது. தென்னிந்தியாவில் முன்சிறுகுடற் புண் மிகுந்து காணப்பட்டது. அக்காலத்தில் தெற்குத் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஹோவர்ட் சாமர்வெல் இவ்வறுவைச் சிகிச்சையில் பெரும் அனுபவம் பெற்று, 1948-இல் அது பற்றி ஒரு நூலும் எழுதினார். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்றவர்களுள் ஒருவராக உலகம் அறிந்த அதே சாமர்வெல்தான் இவர்.

இந்நிலையை மாற்றியது ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிஞரின் ஆராய்ச்சி. அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமின், ஒவ்வாமையில் பங்கு கொள்ளும் ஏற்பியிலன்றி எச்-2 என்ற தனி ஏற்பியில் செயற்படுகிறது என்று காட்டி, அதனை அடைக்கும் மருந்தை அவரது குழுவினர் உருவாக்கினர். இவ்வாறு பிறந்த சிமெட்டிடின் 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். 1981-இல் ரானிட்டிடினும், அதன் பின்னர் ஃபமோட்டிடினும் வந்தன.

இவ்வகை மருந்துகள் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, பத்து மணி நேரம் வரையில் பயன் தருகின்றன. நாள் முழுவதும் சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் குறைக்கின்றன. இரவு நேரச் சுரப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரும் பங்கு உண்டாதலால், இரவு வேதனைக்கு இவை சிறப்பாகப் பயன்படுகின்றன. இவற்றுக்கு ஒரு குறையும் உண்டு. தொடர்ந்து இரண்டு வாரம் போல உட்கொண்டால் உடல் பழகிவிட, பயன் குறைகிறது. சிமெட்டிடின் கல்லீரல் நொதிகளைத் தடுப்பதால் வார்ஃபரின், ஃபெனிட்டாயின், தியோஃபிலின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். ஃபமோட்டிடினுக்கு இக்குறை இல்லை.

மூன்றாம் வகை: புரோட்டான் பம்பு தடுப்பான்கள்

ஸ்வீடன் நாட்டில் உருவாக்கப்பட்ட ஒமிப்ரசோல் 1988-இல் விற்பனைக்கு வந்தது. லான்சோப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமிப்ரசோல் ஆகியவை அதன் வழிவந்தவை. அமில வாயிலையே அடைப்பதால், தூண்டுதல் எவ்வழியில் வந்தாலும் சுரப்பு குறைகிறது. ஒரு நாளின் அமிலத்தில் 80 முதல் 95 விழுக்காடு வரை இவற்றால் குறையும். முன்சிறுகுடற் புண் நான்கு வாரத்தில் ஆறுவோரின் பங்கு எச்-2 தடுப்பான்களால் 70 முதல் 80 விழுக்காடாக இருக்க, இவற்றால் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அரிப்புற்ற உணவுக்குழலை ஆற்றுவதில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது.

இம்மருந்துகளை உட்கொள்ளும் நேரம் மிக முக்கியமானது. அவை குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே அமிலச் செல்லை அடைந்து, அங்குள்ள அமிலத்தால்தான் செயல்வடிவம் பெறுகின்றன. அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே அவை அடைக்கும். பம்புகளை இயங்கச் செய்வதோ உணவு. மருந்து இரத்தத்தில் தங்குவது ஓரிரு மணி நேரமே. ஆகவே காலை உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் உட்கொண்டால், உணவு பம்புகளை எழுப்பும் வேளையில் மருந்தும் தயாராக இருக்கும். உணவுக்குப் பின்னரோ படுக்கப் போகும்போதோ உட்கொண்டால் பயனில் ஒரு பகுதி வீணாகும். அடைபட்ட பம்பு மீண்டும் இயங்காது. செல் புதிய பம்பை உண்டாக்க வேண்டும். இரத்தத்தில் விரைவாக மறையும் மருந்து ஒரு நாளுக்கு மேல் பயன் தருவதன் காரணம் இதுவே. முழுப் பயன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். உடனடி நிவாரணத்துக்காக ஒரே ஒரு மாத்திரையை விழுங்குவது இம்மருந்தின் இயல்பை அறியாத செயலாகும்.

இக்குடும்பத்துக்குள் எது சிறந்தது என்ற வினா கொள்முதல் அலுவலர்களால் அடிக்கடி எழுப்பப்படுகிறது. வழக்கமான அளவில், அதாவது ஒமிப்ரசோல் 20 மி.கி., பான்டோப்ரசோல் 40 மி.கி., ரபெப்ரசோல் 20 மி.கி., லான்சோப்ரசோல் 30 மி.கி. என்ற அளவில், பெரும்பாலான நோயாளிகளுக்கு இவற்றின் பயனில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கடுமையான உணவுக்குழல் அரிப்பில் எசோமிப்ரசோல் 40 மி.கி. சற்று மேலானது. இது ஒமிப்ரசோலின் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களுள் ஒன்றேயாகும். மூல மருந்தின் காப்புரிமை முடியும் தறுவாயில், 2000, 2001 ஆகிய ஆண்டுகளில், அது மேலை நாடுகளில் புதிய மருந்தாகச் சந்தைக்கு வந்தது. புதியது என்பதாலேயே ஒரு மருந்து அதே அளவுக்கு மேலானதாகிவிடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தேர்வுக்குரிய வேறுபாடு ஒன்று உண்டு. இதயக் குழாயில் அடைப்பு நீக்கப்பட்டவர்கள் உட்கொள்ளும் குளோபிடோக்ரெல் மருந்து செயல்வடிவம் பெறுவதை ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் குறைக்கின்றன. இது குறித்து 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அத்தகையோருக்குப் பான்டோப்ரசோல் ஏற்றது.

அண்மைக் காலத்தில் நான்காவதாக ஒரு வகையும் தோன்றியுள்ளது. ஜப்பானில் 2014-இல் அனுமதிக்கப்பட்ட வோனோப்ரசான், பம்பில் பொட்டாசியம் சேரும் இடத்தில் போட்டியிட்டு அதனைத் தடுக்கிறது. முதல் நாளிலேயே வலுவாக வேலை செய்வதும், உணவு நேரத்தை எதிர்பாராமையும் இதன் சிறப்புகள்.

புண்ணின் வேர்

அமிலத்தைக் குறைத்தால் புண் ஆறும்; ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் வரும். இதன் காரணத்தை விளக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஆவர். இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரை அவர்கள் 1982-இல் பிரித்தெடுத்தனர். அதன் தீங்கை மெய்ப்பிக்க 1984-இல் மார்ஷல் தாமே அக்கிருமிக் கரைசலைக் குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கண்டுபிடிப்புக்குப் பின், புண் உள்ளவருக்கு அமிலக் குறைப்பு மருந்து மட்டும் தருவது பாதிச் சிகிச்சையே ஆகும். கிருமி இருக்கிறதா எனச் சோதித்து, இருப்பின் பம்பு தடுப்பானுடன் இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பதினான்கு நாள் தந்து அதனை ஒழிக்க வேண்டும். கிருமி எதிர்ப்பாற்றல் பெற்றுள்ள பகுதிகளில் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறை விரும்பப்படுகிறது. புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி நீக்கிகள். மூட்டு வலிக்காக முதியோர் பலர் இவற்றை மாதக் கணக்கில் உண்கின்றனர்; அவர்களுக்குப் பம்பு தடுப்பான் உண்மையிலேயே பாதுகாப்பளிக்கிறது.

ரானிட்டிடின் கற்பித்த பாடம்

நெடுங்காலம் நம் மருத்துவமனைகளில் ரானிட்டிடினே மலிவான முதல் மருந்தாக விளங்கியது. அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள் இருப்பது 2019 செப்டம்பரில் வெளிப்பட்டது. காலம் செல்லச் செல்லவும், வெப்பம் மிகுந்த இடத்தில் வைக்கப்படும்போதும் இம்மருந்துக்குள்ளேயே அப்பொருள் பெருகுவது பின்னர் தெரியவந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க அமைப்பு ரானிட்டிடின் முழுவதையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறுமாறு கோரியது. இந்தியாவில் 2022 செப்டம்பரில் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் இடம் பெற்றன. முந்தைய பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட 26 மருந்துகளுள் ரானிட்டிடினும் ஒன்று. ஃபமோட்டிடினில் இக்குறை காணப்படவில்லை.

மருந்துக் கிடங்குகளின் பொறுப்பாளர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு மருந்தின் தரம் தொழிற்சாலையின் வாயிலோடு முடிவதில்லை. கோடையில் தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைக்கப்படும் பெட்டிகளுக்குள் என்ன நிகழ்கிறது என்பதும் தரத்தின் ஒரு பகுதியே.

காப்புரிமையும் விலையும்

வெளிநாடுகளில் கோடிக் கணக்கில் பணம் ஈட்டிய இம்மருந்துகள் இந்தியாவில் எளிய விலைக்குக் கிடைத்தமைக்கு அரசின் கொள்கை முக்கியக் காரணமாகும். 1972-இல் நடைமுறைக்கு வந்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துகளுக்குப் பொருட் காப்புரிமையை நீக்கிச் செய்முறைக் காப்புரிமையை மட்டுமே அளித்தது. ஒரே மருந்தை வேறு முறையில் தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. 2005 ஜனவரி 1 முதல் பொருட் காப்புரிமை மீண்டும் வந்துவிட்ட போதிலும், அதற்குள் இம்மருந்துகள் பல நிறுவனங்களின் கைவசமாகியிருந்தன.

2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துக்கு, சந்தையில் குறைந்தது 1 விழுக்காட்டுப் பங்குடைய தயாரிப்புகளின் விலைச் சராசரியுடன் 16 விழுக்காடு சில்லறை வணிகர் பங்கைச் சேர்த்து உச்ச விலை நிர்ணயிக்கப்படுகிறது. பட்டியலில் இல்லாதவற்றின் விலை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்பதே கட்டுப்பாடு. பட்டியலிலுள்ள ஒமிப்ரசோலின் இடத்தில், பட்டியலுக்கு வெளியிலுள்ள கூட்டு மருந்தை எழுதும்போது, நோயாளி விலைக் கட்டுப்பாட்டின் முழுப் பாதுகாப்பை இழக்கிறார். பம்பு தடுப்பானுடன் டோம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் இதற்கு எடுத்துக்காட்டு. இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் டோம்பெரிடோனை ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014-இல் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டுமென வரையறுத்தது. நெஞ்செரிச்சல் மட்டுமே உள்ளவருக்கு அதனைச் சேர்த்துத் தருவதால், செலவோடு ஆபத்தும் கூடுகிறது.

மிகையான பயன்பாடு

ஒரு சுகாதார நிலையத்துக்கு நாள்தோறும் 200 பேர் வருவதாகவும், அவர்களில் பாதிப் பேருக்குத் தேவையின்றி ஐந்து மாத்திரைகள் தரப்படுவதாகவும் கொள்வோம். நாளுக்கு 500 மாத்திரைகள். ஆண்டுக்கு 300 வேலை நாள்களுக்கு 1,50,000 மாத்திரைகள். ஒரு மாத்திரையின் விலை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மாவட்டத்தின் எல்லா நிலையங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து போதவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளியின் பங்கு எங்கே சென்றது என்பது புலப்படும்.

உடல்நலக் கேடுகளும் உண்டு. நெடுங்காலப் பயன்பாட்டில் பி-12 உயிர்ச்சத்துக் குறைவும் மக்னீசியக் குறைவும் ஏற்படலாம். சிறுநீரகத்துக்கு ஏற்படக்கூடிய திடீர்ப் பாதிப்பு குறித்து மருந்து உறைகளில் எச்சரிக்கை இடம் பெற வேண்டுமென இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2019-இல் அறிவுறுத்தியது. அதே வேளையில் அச்சத்தையும் மிகைப்படுத்தலாகாது. 17,598 பேரைக் கொண்டு ஏறத்தாழ மூன்றாண்டுகள் நடைபெற்று 2019-இல் வெளியான ஆய்வில், பான்டோப்ரசோல் உண்டவர்களிடம் தெளிவாக மிகுந்து காணப்பட்டது குடல் தொற்று மட்டுமே. அதுவும் 1.0 விழுக்காட்டுக்கு எதிராக 1.4 விழுக்காடு. ஆனால் தூய குடிநீர் எங்கும் கிட்டாத நம் நாட்டில் அந்த ஒரு தீங்கே பொருட்படுத்தத்தக்கது என்பதை மறந்துவிடக் கூடாது.

மாத்திரை தன்னையே வேண்டச் செய்வதும் உண்டு. நலமாயிருந்தவர்களுக்கு எட்டு வாரம் பம்பு தடுப்பான் தந்து நிறுத்திப் பார்த்த டென்மார்க் ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. மருந்து நிறுத்தப்பட்டபின், முன்பு எத்தொல்லையும் இல்லாத அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அமிலத் தொல்லை தோன்றியது. வெற்று மாத்திரை உண்டவர்களில் அவ்வாறானவர் 15 விழுக்காட்டினரே. அடக்கி வைத்த சுரப்பு மீறி எழுவதே இதன் காரணம். 'நிறுத்தினால் மீண்டும் எரிகிறது, ஆகவே நோய் தீரவில்லை' என்று நோயாளி எண்ணி மீண்டும் மருந்தைத் தேடுகிறார். அளவைப் படிப்படியாகக் குறைத்து, இடையில் அமில முறி மருந்தைத் துணைக்குத் தந்தால் இச்சுழலிலிருந்து அவரை மீட்கலாம்.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து, நோயை மறைத்துவிடுவதாகும். மார்பில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை ஆகியவை தோன்றும்போது அதனைக் 'கேஸ்' என்று கருதி மாத்திரையை விழுங்கிக் காத்திருப்பவர், மாரடைப்புச் சிகிச்சைக்குரிய பொன்னான நேரத்தை இழக்கிறார். கருநிற மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமற்ற எடைக் குறைவு, இரத்தச் சோகை ஆகியவை இருப்பின் மாத்திரை தருவதற்கு முன் உள்நோக்கிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

நடைமுறைக்குரியவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. எப்போதாவது வரும் எரிச்சலுக்கு அமில முறி மருந்து போதும். மிதமான, இரவில் மிகும் தொல்லைக்கு ஃபமோட்டிடின் ஏற்றது. புண், அரிப்புற்ற உணவுக்குழல், வலி நீக்கிகளால் வரும் ஆபத்து, குருதிக் கசிவு ஆகியவற்றுக்குப் பம்பு தடுப்பானே உரியது. அதனை எழுதும்போது காரணத்தையும் கால அளவையும் சீட்டில் குறிக்க வேண்டும். நான்கு முதல் எட்டு வாரத்துக்குப் பின் தேவையை மறு ஆய்வு செய்ய வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் துணை மாத்திரையாக இதனைச் சேர்க்கும் வழக்கம் கைவிடத்தக்கது.

கொள்முதலைப் பொறுத்தவரையில், இக்குடும்பத்தில் ஒன்றிரண்டைப் பொதுப்பெயரில் வாங்குவதே போதுமானது. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும், 2011-இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கிய ராஜஸ்தானும், மையப்படுத்தப்பட்ட கொள்முதலும் தரச் சோதனையும் இணைந்தால் குறைந்த விலையில் நல்ல மருந்தை மக்களிடம் சேர்க்க முடியும் என்பதைக் காட்டியுள்ளன. 2008-இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் தனியார் சிகிச்சை பெறுவோருக்கும் இவ்வாய்ப்பை அளிக்கின்றன.

அறுவை அரங்குக்குச் சென்றவர்களை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிய பெருமை இம்மருந்துகளுக்கு உண்டு. தேவைப்படுவோருக்குத் தட்டின்றிக் கிடைக்கவும், தேவையற்றோருக்குப் பழக்கமாகிவிடாமல் இருக்கவும் வகை செய்வது மருத்துவர், மருந்தாளுநர், அலுவலர் ஆகிய மூவரின் கூட்டுப் பொறுப்பாகும்.